கொயோட்டியை வதைக்காமல் வீழ்த்த எந்தக் கேலிபர் பொருத்தமானது?

கரிசல்காரன் (மத்திய டெக்சாஸ்)

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்டினுக்குத் தெற்கே 18 ஏக்கர் நிலத்தில் நாற்பது வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். பகலில் கணினி வேலை, மற்ற நேரமெல்லாம் ஆடுதான். சென்ற மாதம் இரண்டு வாரத்துக்குள் ஐந்து குட்டிகளைப் பறிகொடுத்தேன். வேலியின் அடிப்பகுதியைச் சரிசெய்துவிட்டேன், இரவில் கொட்டிலில் அடைக்கிறேன். ஆனாலும் விடிகாலையில் இரண்டு கொயோட்டிகள் (நரி போன்ற வட அமெரிக்கக் காட்டு நாய்கள்) கிழக்கு ஓரத்து முட்புதர்களை ஒட்டி வந்து நின்று, கொட்டில் திறப்பதற்காகக் காத்திருக்கின்றன.

பக்கத்து நிலத்துக்காரர் உதவி செய்கிறேன் என்று தன்னிடமிருந்த .22 எல்.ஆர் என்னும் சிறு தோட்டாத் துப்பாக்கியால் ஒன்றைச் சுட்டார். அது உருண்டு விழுந்து, எழுந்து ஓடிவிட்டது. மூன்றாம் நாள் குட்டையோரத்தில் கீழ்த்தாடை உடைந்த நிலையில், தண்ணீர் குடிக்கவும் முடியாமல் உயிரோடு கிடந்ததை நான்தான் பார்த்தேன். என் ஆட்டைத் தின்ற விலங்குதான் என்றாலும் அந்தக் காட்சி இன்னும் தூங்க விடவில்லை. இனி சுடுவதென்றால் ஒரே அடியில் முடிய வேண்டும், இல்லையென்றால் சுடக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

கடைக்காரர் .308 கேலிபர் (அங்குலத்தில் குண்டின் விட்டம்) வாங்கச் சொல்கிறார். அலுவலக நண்பர் .17 எச்.எம்.ஆர் போதும் என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை இருக்கின்றன என்று இணையத்தில் தேடிப் பார்த்துத் தலை சுற்றிப்போனேன். ஊரில் இருந்தவரை நான் துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வழி சொல்லுங்கள். சட்டப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன். டெக்சாஸில் கொயோட்டிக்குத் தடைக்காலம் இல்லை, கால்நடையைத் தாக்கியவற்றைச் சுடுவதற்கு வேட்டை உரிமமும் தேவையில்லை.

வெள்ளாட்டு வைத்தியர் (ஓக்லஹோமா)

ஐயா, நான் கால்நடை மருத்துவர். துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். இறந்த குட்டிகளின் கழுத்தைப் பார்த்தீர்களா? கொயோட்டி பெரும்பாலும் தாடைக்குச் சற்றுக் கீழே தொண்டையைக் கவ்விப் பிடித்து மூச்சை அடைத்துக் கொல்லும். தோலை உரித்துப் பார்த்தால் அங்கே பல் பதிந்த துளைகளும் இரத்தக் கட்டும் தெரியும். வீட்டு நாய்கள் அப்படியல்ல. பின்னங்கால், விலா, காது என்று கண்ட இடத்தில் கடித்துக் குதறி, பல ஆடுகளைக் காயப்படுத்தி, எதையும் தின்னாமல் போய்விடும். தவறான விலங்கைக் குறிவைத்தால் எந்தக் கேலிபரும் உங்களுக்கு உதவாது.

இனி உடற்கூறு. கொயோட்டியின் அடர்ந்த ரோமம் கண்ணை ஏமாற்றும். குளிர்காலத்தில் பெரிய நாயைப் போலத் தெரிகிற விலங்கு, தோலை உரித்தால் ஒடிசலாக நிற்கும். உங்கள் பகுதியில் 10 முதல் 15 கிலோவுக்குள்தான் இருக்கும். மார்பின் குறுக்களவு ஒரு சாண்கூட இராது. இதயமும் நுரையீரலும் சேர்ந்த உயிர்நிலை, பக்கவாட்டில் பார்க்கும்போது சுமார் 4 அங்குல வட்டம், அதாவது ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு. அது முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடலின் உயரத்தில் நடுவுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. புதிதாகச் சுடுபவர்கள் ரோமத்தையும் உடலாக எண்ணி உயரமாகக் குறிவைத்து, முதுகெலும்புக்கு மேலே ரோமத்தை மட்டும் சீவிவிடுவார்கள். அல்லது பின்னால் வைத்து வயிற்றைக் கிழித்துவிடுவார்கள். வயிற்றில் பட்ட விலங்கு மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் சாகும்.

இரண்டு நுரையீரல்களும் சிதைந்தால் இரத்த அழுத்தம் உடனே வீழ்ந்து, மூளைக்கு உயிர்வளி நின்று, பத்துப் பதினைந்து விநாடிகளுக்குள் நினைவு போய்விடும். வதையில்லாத சாவு என்று நாம் பேசுவதற்கு மருத்துவத்தில் பொருள் இதுதான். தலையைச் சுடுவது இன்னும் விரைவானது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தலை ஓயாமல் அசைவது, மூளையோ எலுமிச்சம்பழ அளவு. ஓர் அங்குலம் தவறினால் உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் செய்ததுதான் நடக்கும். ஆகவே மார்பை மட்டுமே குறியாகக் கொள்ளுங்கள்.

எனவே உங்கள் கேள்வியை இப்படித் திருப்பிப் போடுகிறேன்: உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் நீங்கள் பதற்றமில்லாமல் இறக்கக்கூடியதும், உள்ளே போனபின் நுரையீரல்களைச் சிதைக்கும் அளவுக்கு விரியக்கூடியதும் எது?

பனிச்சாரல் (ஒன்டாரியோ)

வைத்தியர் ஐயா சொன்னதோடு சொற்களைப் பற்றியும் ஒரு குறிப்பு. நான் யாழ்ப்பாணத்துத் தமிழன், நாங்கள் சன்னம் என்று சொல்வதை நீங்கள் குண்டு என்பீர்கள். நாங்கள் ரவை என்பது உங்களுக்குத் தோட்டா. இந்த வேறுபாடு இங்கே பயன்படுகிறது, ஏனென்றால் கேலிபர் என்பது சன்னத்தின் விட்டத்தை மட்டுமே சொல்கிறது; அதன் பின்னால் எவ்வளவு வெடிமருந்து இருக்கிறது என்பதை ரவையின் முழுப் பெயர்தான் சொல்லும். .22 எல்.ஆர், .22 மேக்னம், .22 ஹார்னெட், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .220 ஸ்விஃப்ட் ஆகிய ஆறின் சன்னங்களும் விட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவது குழலைவிட்டு வெளியேறும்போது சுமார் 130 அடி-பவுண்டு ஆற்றலோடு போகிறது, .22-250 அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான ஆற்றலோடு போகிறது. '.22 போதுமா' என்று யாராவது கேட்டால், எந்த .22 என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சட்டமும் கேலிபரைத் தொடுகிறது. தென் ஒன்டாரியோவின் பல கவுண்டிகளில் சிறு விலங்குகளையும் கொயோட்டியையும் வேட்டையாடும்போது .275-க்கு மேற்பட்ட ரைஃபிளை எடுத்துச் செல்லக் கூடாது. .270 வின்செஸ்டர் என்று பெயர் இருப்பதால் அது அடங்கும் என்று நினைத்துவிடுவார்கள், ஆனால் அதன் சன்னம் உண்மையில் .277 அங்குலம். அல்கோன்குவின் பூங்காவைச் சுற்றிய பகுதிகளில் கொயோட்டி வேட்டையே கூடாது, அங்குள்ள ஓநாய்க்கும் கொயோட்டிக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம் என்பதே காரணம். கிழக்கத்திய கொயோட்டியின் உடலில் ஓநாய் இரத்தம் கலந்திருப்பதால் அது டெக்சாஸ் விலங்கைவிடக் கனமானது. நான் பார்த்த ஆண்கள் 18 கிலோ வரை இருந்தன. ஆகவே நான் .243 வைத்திருக்கிறேன், ஆனால் அதை உங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை.

மேட்டுச்சமவெளி (வயோமிங்)

கரிசல்காரர் கேட்டதற்கு நேரடியான பதிலை முதலில் வைத்துவிடுகிறேன்: .223 ரெமிங்டன், 55 கிரெயின் (சுமார் மூன்றரை கிராம்) எடையுள்ள, விலங்கு வேட்டைக்கென்றே செய்த, உடலுக்குள் போனதும் விரியும் குண்டு. காரணங்களைச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் சொன்ன .17 எச்.எம்.ஆர், 2002-இல் வந்தது. 17 கிரெயின் குண்டு விநாடிக்கு 2,550 அடி வேகத்தில் புறப்படுகிறது. காகிதத்தில் துல்லியம் அபாரம், முயலுக்கும் அணிலுக்கும் அருமை. ஆனால் குழல்வாயிலில் 245 அடி-பவுண்டாக இருக்கும் ஆற்றல் 100 கஜத்தில் 136 ஆகவும் 200 கஜத்தில் 72 ஆகவும் இறங்கிவிடுகிறது. அந்தச் சிறு குண்டு தோள்பட்டை எலும்பில் பட்டால் உள்ளே போகாமல் அங்கேயே பொடிந்துவிடும். 50 கஜத்தில், அசையாமல் நிற்கும் விலங்கை, விலாவுக்கு நடுவே வைத்தால் சாகும் என்பது உண்மை. அந்த மூன்று நிபந்தனைகளும் ஒருசேர அமையும் என்று நம்பித் துப்பாக்கி வாங்கக் கூடாது.

.223 அப்படியல்ல. 55 கிரெயின் குண்டு 3,240 அடி வேகத்தில், 1,280 அடி-பவுண்டு ஆற்றலோடு கிளம்புகிறது. 300 கஜம் போனபின்னும் அதில் 550-க்கு மேல் மிச்சமிருக்கும், .17 எச்.எம்.ஆர் குழல்வாயிலில் வைத்திருப்பதைப்போல் இரண்டு மடங்கு. உதை மிகக் குறைவு என்பதால், சுட்ட பிறகும் விலங்கு ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) வட்டத்தைவிட்டு விலகாது. குண்டு எங்கே பட்டது, விலங்கு எப்படி நடந்துகொண்டது, இரண்டாவது முறை சுட வேண்டுமா என்பதையெல்லாம் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம். வதையைக் குறைப்பதில் இந்தக் கடைசி வசதிக்கு உள்ள பங்கை யாரும் அதிகம் பேசுவதில்லை. இராணுவம் பயன்படுத்தும் 5.56-க்கு உடன்பிறப்பு என்பதால் தோட்டாவும் எங்கும் கிடைக்கும், விலையும் மலிவு. மலிவாக இருந்தால்தான் நீங்கள் பயிற்சி செய்வீர்கள்.

நான் வைத்திருப்பது .22-250. 1915-இல் வந்த .250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கிப் பலரும் வீட்டிலேயே செய்துகொண்டிருந்ததை, 1965-இல் ரெமிங்டன் தன் பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. அதே 55 கிரெயின் குண்டை 3,680 அடி வேகத்தில் தள்ளுகிறது. எனக்கு அது ஏன் தேவை என்றால், நான் இருக்கும் லாரமி கடல்மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலே இருக்கிறது, மரம் கிடையாது, காற்று ஓயாது. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் .223 குண்டு 300 கஜத்தில் சுமார் 10 அங்குலம் விலகும், .22-250 ஏறக்குறைய ஒன்பது அங்குலம். வேறுபாடு ஓர் அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். ஆம், அவ்வளவுதான். இரண்டுமே 4 அங்குல வட்டத்தைவிட்டு வெளியே போய்விட்டன. காற்றைத் தவறாக மதிப்பிட்டால் இரண்டு தோட்டாவும் ஒரே மாதிரி விலங்கை வயிற்றில் காயப்படுத்தும். நான் பதினொரு ஆண்டுகள் இங்கே சுட்டபின் கற்றது, காற்று பலமாக இருக்கும் நாளில் 200 கஜத்துக்கு மேல் சுடாமல் வீட்டுக்குத் திரும்புவது. அதிக வேகமுள்ள தோட்டாவை வாங்கியவர்கள் அதை அதிகத் தொலைவுக்குச் சுட உரிமம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

உங்கள் நிலம் 18 ஏக்கர். சதுரமாக இருந்தால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கே 300 கஜம் இல்லை. குண்டு எல்லையைத் தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் போவது டெக்சாஸில் குற்றம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்குச் சுடக் கிடைக்கும் தொலைவு 150 கஜத்துக்குள்தான். அந்தத் தொலைவில் .22-250, .220 ஸ்விஃப்ட் எல்லாம் வீண் சத்தம், வீண் செலவு, குழலுக்கும் வீண் தேய்மானம்.

.308 பற்றி: அது கொல்லாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 150 கிரெயின் மான் குண்டு ஒரு சாண் அகலமில்லாத உடலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் பெரும்பகுதி ஆற்றலோடு போய்விடும். அந்த ஆற்றல் விலங்குக்குள் செலவாகவில்லை, உங்கள் அயலார் வீட்டை நோக்கிப் போகிறது. போதாததற்கு, புதியவருக்கு அதன் உதை கண்ணை மூட வைக்கும். கண்ணை மூடிச் சுட்ட .308-ஐவிடக் கண்ணைத் திறந்து சுட்ட .223 பலமடங்கு கருணையானது.

பழையதுப்பாக்கி (அரிசோனா)

மேட்டுச்சமவெளியார் எழுதியதில் பெரும்பகுதி சரி. ஆனால் சிறிய கேலிபர்களை அவர் கைகழுவிவிட்ட விதத்தை ஏற்க முடியாது. 1971-இல் வந்த .17 ரெமிங்டன் 25 கிரெயின் குண்டை 4,000 அடிக்கு மேல் தள்ளுகிறது. 2004-இல் ரூகரும் ஹார்னடியும் சேர்ந்து கொண்டுவந்த .204 ரூகர் 32 கிரெயின் குண்டை 4,200 அடி வேகத்தில் அனுப்புகிறது. இவற்றை .17 எச்.எம்.ஆருடன் ஒரே தட்டில் வைப்பது பெயரை மட்டும் பார்த்து ஏமாறுவது, பனிச்சாரல் எச்சரித்ததும் அதைத்தான். இருபது குளிர்காலங்களில் .204 கொண்டு நான் எடுத்த கொயோட்டிகளில் பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே விளக்கணைந்ததுபோல் விழுந்தன. உள்ளே போகும் துளை பட்டாணி அளவு, வெளியே வரும் துளை பெரும்பாலும் கிடையாது. குண்டு முழு ஆற்றலையும் மார்புக்குள்ளேயே செலவழித்துவிடுகிறது, தோலும் கெடுவதில்லை. .243 கொண்டு சுட்ட விலங்கை ஒருநாள் பாருங்கள், மறுபக்கத்தில் கையை விடலாம்.

வெள்ளாட்டு வைத்தியர்

பழையதுப்பாக்கி ஐயா சொல்வது மார்பின் நடுவில் நேராகப் பட்ட குண்டுக்கு முழு உண்மை. எனக்குள்ள கவலை மற்றவற்றைப் பற்றியது. விலங்கு எப்போதும் பக்கவாட்டில் நின்று கொடுப்பதில்லை. நாம் எழுப்பும், முயலின் அலறலைப் போன்ற ஒலியைக் கேட்டு வரும் கொயோட்டி, பெரும்பாலும் நேருக்கு நேர் ஓடிவரும், அல்லது காற்று நம்மிடமிருந்து அடிக்கும் திசைக்குச் சுற்றிப்போய் முகர்ந்து பார்க்கும். எப்படியானாலும் சாய்வாகத்தான் நிற்கும். அந்தச் சாய்வில் தோள்பட்டை எலும்பு நுரையீரலுக்கு முன்னால் வந்துவிடுகிறது. மெல்லிய உறையும் பிளாஸ்டிக் முனையும் கொண்ட 32 கிரெயின் குண்டு 4,000 அடி வேகத்தில் அந்த எலும்பை மோதும்போது, மேற்பரப்பிலேயே வெடித்துச் சிதறுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பயங்கரமான காயம், கைப்பிடி அளவு தசை பெயர்ந்திருக்கும்; உள்ளே நுரையீரல் சேதமே அடைந்திருக்காது. அந்த விலங்கு மூன்று காலில் ஓடிப்போய், சீழ் பிடித்துச் சாகும். நீங்கள் அதைப் பார்க்க மாட்டீர்கள், தவறிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் உங்கள் கணக்கிலும் அது ஏறாது.

.204-இலேயே 40 கிரெயின் குண்டைப் போட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு குறைகிறது. ஆக, கேலிபரைவிடக் குண்டின் எடையும் கட்டுமானமும் முந்திக்கொள்கின்றன என்றே நான் சொல்வேன். .223-இலும் 35, 40 கிரெயின் குண்டுகள் கடையில் இருக்கின்றன, வேகத்தைப் பார்த்து அவற்றை வாங்க வேண்டாம். 50 முதல் 60 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

தோலைப் பற்றி ஒரு சொல். குளிர்கோட்டுகளின் தலைமூடி விளிம்புக்குக் கொயோட்டி ரோமம் வாங்கிக்கொண்டிருந்த கனடா கூஸ் நிறுவனம், ரோமம் வைத்துத் தைப்பதை 2022 இறுதிக்குள் நிறுத்திவிடுவதாக 2021-இல் அறிவித்தது. துளையே இல்லாத தோலுக்கு நல்ல காசு என்ற காலத்துக் கணக்கை வைத்து, ஆடு காக்கச் சுடுகிறவர் ஏன் குண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? வெளியேறும் துளை இருந்தால் இரத்தம் சொட்டும், ஓடினாலும் தடம் பிடித்துப் போய்க் கண்டுபிடிக்கலாம். எனக்கு அந்தத் துளை வேண்டும்.

பழையதுப்பாக்கி

தோள்பட்டைச் சிதறலை நானும் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றும் 32 கிரெயின்தான். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் தோலைக் குப்பையில் போடுவதும் ஒருவகை அவமரியாதை என்பது என் தலைமுறையின் எண்ணம், அதை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

நடுநிலை (கலிஃபோர்னியா)

எல்லோரும் எதைக்கொண்டு சுடுவது என்றே பேசுகிறீர்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து 1975-இல் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு எழுபது விழுக்காட்டைக் கொன்றாலும் கொயோட்டித் தொகை தாக்குப்பிடிக்கும் என்று கணித்துக் காட்டியது. இடம் காலியானால் வேறொன்று வந்து அமரும், மிஞ்சியவை அதிகக் குட்டி போடும். காவல் நாய் வைத்தால் பல பண்ணைகளில் இந்தப் பிரச்சினையே தீர்ந்துவிடுகிறது. வதையில்லாத வேட்டைக்கு ஆகச் சிறந்த கேலிபர், சுடாத கேலிபர் என்பது என் கருத்து.

நெறியாளர்

வேட்டை வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே அதை நீட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காவல் நாய் பற்றிய குறிப்பு கேள்வி கேட்டவருக்குப் பயன்படும் என்பதால் மேலுள்ள பதிவை விட்டுவைக்கிறேன்.

கரிசல்காரன்

நடுநிலை அவர்களுக்கு நன்றி. கிரேட் பிரனீஸ் என்னும் காவல் நாய் இனத்தில் இரண்டு குட்டிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அவை வளர்ந்து மந்தையைக் காக்கும் பக்குவத்துக்கு வர ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். மொத்தக் கொயோட்டிக் கூட்டத்தையும் ஒழிக்க நான் கிளம்பவில்லை. ஆட்டுக்குட்டியின் ருசி கண்டுவிட்ட இந்த இரண்டு மட்டும்தான் என் பிரச்சினை. வைத்தியர் கேட்டபடி கடைசியாக இறந்த குட்டியின் தோலை உரித்துப் பார்த்தேன், தொண்டையில் நான்கு துளைகள். நாய் அல்ல.

மேட்டுச்சமவெளி

நடுநிலை கலிஃபோர்னியாவிலிருந்து எழுதுவதால் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே 2019 ஜூலை 1 முதல் எந்தக் காட்டு விலங்கையும் ஈயக் குண்டால் சுடக் கூடாது. டெக்சாஸில் அந்தச் சட்டம் இல்லை என்றாலும் காரணம் எல்லா ஊருக்கும் பொதுவானது. நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த மெல்லுறைக் குண்டுகள் எல்லாம் உள்ளே நூற்றுக்கணக்கான ஈயத் துணுக்குகளாகச் சிதறுகின்றன. உடலை அப்படியே போட்டுவிட்டால் கழுகும் பருந்தும் வந்து தின்று, ஈய நஞ்சேறிச் சிறகு தொங்கிச் சாகின்றன. எங்கள் பக்கத்தில் பொன்னிறக் கழுகுக்கு இது பெரிய கேடு. கொயோட்டிக்குப் பத்து விநாடிச் சாவைக் கொடுத்துவிட்டுக் கழுகுக்குப் பத்து நாள் சாவைக் கொடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? செம்புக் குண்டுகள் .223-இல் கிடைக்கின்றன, விலை கூடுதல். ஈயத்தைத்தான் சுடுவீர்கள் என்றால் உடலைப் புதைத்துவிடுங்கள்.

பனிச்சாரல்

150 கஜத்துக்குள் என்று ஆகிவிட்ட பின், யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லத்தான் வேண்டும். முட்புதருக்குப் பக்கத்தில் 40 கஜத்துக்குள் வரவழைக்க முடிந்தால் 12 கேஜ் ஷாட்கன் (ஒரே தோட்டாவில் பல உருண்டைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) மிகத் திறமையானது. 4-ஆம் எண் பக்ஷாட் நிரப்பிய மூன்று அங்குலத் தோட்டாவில் 41 உருண்டைகள், ஒவ்வொன்றும் கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. ஓடும் விலங்குக்கும் அதுவே நல்லது. ஆனால் 40 என்றால் 40தான். 60 கஜத்தில் உருண்டைகள் விரிந்துபோய் மூன்று நான்கு மட்டும் படும், விலங்கு காயத்தோடு தப்பிவிடும். தொலைவைக் கண்ணால் அளக்காமல் முன்கூட்டியே கல் நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் மரம் அடர்ந்த நிலம் என்பதால் என் .243-ஐவிட அதைத்தான் அதிகம் எடுத்துப்போகிறேன்.

பழையதுப்பாக்கி

.223 வாங்கப் போகிறார் என்றால் கடையில் அவர் மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பெட்டி பெட்டியாக மலிவாகக் கிடைக்கும் முழு உலோக உறைக் குண்டு. அது பயிற்சிக்கு மட்டும். விலங்கின் உடலில் அது விரியுமா, உடையுமா, ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடுமா என்பது தொலைவைப் பொறுத்து மாறும், நம்ப முடியாது. கல்லில் பட்டுத் தெறித்துத் திசைமாறிப் போவதும் அதிகம். பெட்டியின்மேல் வி-மேக்ஸ், பாலிஸ்டிக் டிப், பிளிட்ஸ்கிங் போன்ற பெயர்களைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, 5.56 நேட்டோ என்று பொறித்த தோட்டாவை .223 என்று மட்டும் பொறித்த துப்பாக்கியில் போடக் கூடாது. பார்வைக்கு இரட்டைப் பிறவிகள், ஆனால் 5.56-க்கான அறையில் குண்டுக்கு முன்னால் கூடுதல் இடைவெளி உண்டு; .223 அறையில் அந்த இடைவெளி இல்லாததால் அழுத்தம் எகிறும். மறுதலையாக, 5.56 துப்பாக்கியில் .223 சுடுவதில் தவறில்லை.

மூன்றாவது குழலின் முறுக்கு, அதாவது குண்டு சுழன்று நிலையாகப் பறப்பதற்காகக் குழலுக்குள் வெட்டியிருக்கும் சுழல் பள்ளம். பழைய, ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றும் .223 போல்ட் ஆக்‌ஷன்களில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும், 55 கிரெயினுக்கு அது போதும், ஆனால் 75 கிரெயின் நீளக் குண்டு அதில் நிலைகொள்ளாமல் பக்கவாட்டில் பறக்கும். இப்போது வருபவற்றில் 9, 8, 7 அங்குல முறுக்கு சாதாரணம். 9 அல்லது 8 இருந்தால் உங்களுக்கு வேண்டிய 50 முதல் 60 கிரெயின் வரை எல்லாவற்றையும் ஏற்கும். பழைய கதை ஒன்று: 1955-இல் வின்செஸ்டரின் .243-ம் ரெமிங்டனின் .244-ம் ஒரே ஆண்டில் கடைக்கு வந்தன. .244-க்கு 12 அங்குல முறுக்குப் போட்டுவிட்டதால் 100 கிரெயின் மான் குண்டு அதில் சரியாகப் பறக்காது என்ற பேச்சு எழுந்து, அத்தோடு அதன் சந்தை படுத்துவிட்டது. .243 இன்றும் ஒவ்வொரு கடையிலும் இருக்கிறது. முறுக்கைப் பார்க்காமல் துப்பாக்கி வாங்குவது ஜாதகம் பார்க்காமல் பெண் பார்ப்பது போல என்று நான் சொல்வதுண்டு, என் மகளுக்கு அந்த உவமை பிடிக்காது.

கரிசல்காரன்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். .223 போல்ட் ஆக்‌ஷன் ஒன்றை வாங்கினேன், 9 அங்குல முறுக்கு, 55 கிரெயின் வி-மேக்ஸ். முதலில் விளையாட்டுத் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுட்டேன். 100 கஜத்தில் மூன்று குண்டும் ஓர் அங்குலத்துக்குள் விழுந்தன. பெருமையாக இருந்தது. பிறகு வைத்தியர் சொன்ன 4 அங்குல வட்டத்தைக் காகிதத்தில் வெட்டி, காட்டில் இருக்கப்போவது போலத் தரையில் உட்கார்ந்து, முக்காலிக் குச்சியில் தாங்கிச் சுட்டேன். 100 கஜத்தில் பத்துக்குப் பத்து. 150-இல் பத்துக்கு ஒன்பது. 200-இல் பத்துக்கு ஐந்து. அதே துப்பாக்கி, அதே தோட்டா. ஐந்து காகிதத்தில் ஓட்டை இல்லை என்றால் ஐந்து விலங்கு வயிற்றில் ஓட்டையோடு ஓடுகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

ஆகவே 120 கஜத்தில் வேலிக்கம்பத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். அதைத் தாண்டி நிற்கும் விலங்கைச் சுடுவதில்லை. கிழக்கு ஓரத்தில் பின்னால் குட்டையின் கரை உயர்ந்து நிற்கும் இடத்தை மட்டும் சுடும் திசையாக வைத்திருக்கிறேன்.

சென்ற சனிக்கிழமை விடியலில் ஒன்று வந்தது. 90 கஜம் இருக்கும். சாய்வாக நின்றதால் காத்திருந்தேன். வாயால் நாய்போல ஒரு குரைப்புக் குரைத்தேன், நின்று திரும்பிப் பார்த்தது, விலா தெரிந்தது. சுட்டேன். ஸ்கோப்புக்குள்ளேயே விழுவதைப் பார்த்தேன், கால்கள் இரண்டு முறை அசைந்தன, அவ்வளவுதான். அருகில் போய்ப் பார்த்தபோது ரோமத்துக்குள் துளையைத் தேடத்தான் வேண்டியிருந்தது. மேட்டுச்சமவெளியார் சொன்னபடி ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்துவிட்டேன். இரண்டாவது இன்னும் வரவில்லை, குட்டிகளும் அதன்பின் குறையவில்லை.

ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. ஸ்கோப்பை 200 கஜத்துக்குப் பூச்சியம் செய்யச் (அந்தத் தொலைவில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி அமைக்கச்) சொல்லிக் கடையில் அறிவுறுத்தினார்கள், அதுதான் வழக்கமாம். என் எல்லை 120 என்னும்போது அது சரியா?

மேட்டுச்சமவெளி

வேண்டாம், 100-இலேயே வைத்துக்கொள்ளுங்கள். 200-க்குப் பூச்சியம் செய்தால் உங்கள் குண்டு நடுவழியில், சரியாக நீங்கள் சுடும் 100 கஜத்தில், ஒன்றரை அங்குலம் உயர்ந்து போகும். வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புக்கு இரண்டே அங்குலம்தான் என்பதால், பிழைக்கு உங்களிடம் அரை அங்குலமே மிஞ்சும். அந்த அரை அங்குலத்துக்கு மேலே இருப்பது முதுகுப்பக்கம். 100-இல் பூச்சியம் வைத்தால் 120-இல் அரை அங்குலம்கூட இறங்காது, 150-இல் ஓர் அங்குலம். குறுக்குக் கம்பியை எங்கே வைக்கிறீர்களோ அங்கேயே படும்.

கரிசல்காரன்

நன்றி ஐயா. நாளைக்கே மாற்றிவிடுகிறேன்.